உபுத் நாட்குறிப்பு: பயன் சொல்வோரின் ஊரில் ஆறு நாட்கள்

செவ்வாய்

கட்டுநாயக்கவில் அதிகாலையில் ஏறிச் சிங்கப்பூரில் விமானம் மாறித் தென்பசாரில் இறங்கியபோது பாலித் தீவில் பொழுது சாயத் தொடங்கியிருந்தது. இலங்கையைவிட இரண்டரை மணித்தியாலம் முந்திய நேரம் இங்கே. உபுத் வரையிலான வீதியில் கல் செதுக்குவோரின் ஊரான பத்துபுலான், வெள்ளி வேலைக்காரரின் செலுக், மரச்சிற்பிகளின் மாஸ் என்று ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு தொழிலுக்கு உரியதாய் வந்து போயிற்று. வீட்டு வாசல்தோறும் தென்னங்குருத்தில் முடைந்த சிறு தட்டும், அதில் பூவும், புகைந்து முடிந்த ஊதுபத்தியும் இருந்தன.

இந்தப் பயணத்தின் காரணத்தை முதல் நாளிலேயே எழுதிவிடுகிறேன். நான் எழுத்தாளர் அல்லள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் ஊர் வாசிகசாலையில் மாதத்துக்கு ஒருமுறை மாணவர்களுக்குச் சிறுகதைச் செயலமர்வு நடத்துகிறேன். சென்ற தை மாதத்து அமர்வுக்கு 22 பிள்ளைகள் வந்திருந்தனர். இரண்டு மணித்தியாலமும் நானே பேசினேன். அவர்கள் எழுதித் தந்த கதைகளை வீட்டுக்கு எடுத்து வந்து வாசித்தபோது, 22 கதைகளிலும் நான் எடுத்துக்காட்டாகச் சொன்ன கிணற்றடியும் மழையும் தாயின் சேலைத் தலைப்புமே திரும்பத் திரும்ப வந்தன. ஒரு சிறுமி தன் கதையின் அடியில், "ரீச்சர் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன்" என்று எழுதியிருந்தாள். அந்த வரி பல நாட்கள் என்னைத் தூங்கவிடவில்லை. பிள்ளைகளிடம் கதை இல்லாமல் இல்லை. அது வெளியே வருவதற்கு நான் இடம் விடவில்லை. பிறர் எப்படி இடம் விடுகிறார்கள் என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்று பிறந்தது. ஆகவே உபுத் எழுத்தாளர், வாசகர் விழாவுக்கு நான் வந்திருப்பது புகழ்பெற்ற எழுத்தாளர்களைப் பார்ப்பதற்காக அன்று. மேடையில் அவர்களைப் பேசவைப்போரையும் செயலமர்வு நடத்தும் வளவாளர்களையும் பார்ப்பதற்காகவே.

புதன்

விழா மாலையில்தான் தொடங்குகிறது என்பதால் காலையில் ஊரின் நடுவேயுள்ள சரஸ்வதி கோயிலுக்கு நடந்து போனேன். தாமரைக் குளத்தின் இடையே ஒற்றைக் கல்பாதை. அதன் முடிவில் செங்கல்லும் மணற்கல்லுமாய்க் கோயில். ஓவியராகவும் சிற்பியாகவும் கட்டடக் கலைஞராகவும் விளங்கிய குஸ்தி ஞோமான் லெம்பாத் வடிவமைத்தது. பாலியில் 210 நாட்களுக்கு ஒருமுறை சரஸ்வதி நாள் வருகிறது. அன்று ஓலைச்சுவடிகளையும் நூல்களையும் துடைத்து அடுக்கிப் படையல் வைக்கிறார்கள். வழிபாடு முடியும்வரை எதையும் வாசிப்பதோ எழுதுவதோ இல்லை. நவராத்திரியின் முடிவில் புத்தகங்களைப் பூசையில் வைத்துவிட்டு, விசயதசமி விடியும்வரை அவற்றைத் தொடாமல் இருந்து, பின் சிறு பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கும் ஊரிலிருந்து வந்த எனக்கு, அந்தக் குளக்கரையில் நின்றபோது கடல் கடந்து வந்த எண்ணமே எழவில்லை.

உபுத் எழுத்தாளர், வாசகர் விழா 2004-ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 2002 அக்டோபர் 12 அன்று, தீவின் தெற்கே கூத்தாவில் நடந்த குண்டுவெடிப்பில் 202 பேர் இறந்தனர். பயணிகள் வருவது நின்றுபோய்த் தீவே துயரத்தில் உறைந்திருந்த காலத்தில், மெல்பேணிலிருந்து வந்து உபுத்தில் குடும்பமாக வாழ்ந்துகொண்டிருந்த ஜனெற் டினீஃப், தம் கணவர் கெதுத் சுவார்தானாவுடன் சேர்ந்து இவ்விழாவைத் தொடங்கினார். விழாவை நடத்தும் அறக்கட்டளையின் பெயரிலும் சரஸ்வதி இருக்கிறாள். விழாவின் மையக்கருத்தைப் பல ஆண்டுகளாகச் சமஸ்கிருதத்திலிருந்தோ யாவாத் தீவின் பழைய மொழியான பழஞ்சாவகத்திலிருந்தோ எடுக்கிறார்கள். 2019-இல் 'கர்மா', 2024-இல் தைத்திரீய உபநிடதத்தின் 'சத்யம் வத, தர்மம் சர'. குண்டுவெடிப்புக்கு ஓர் ஊர் தந்த மறுமொழி எழுத்துவிழாவாக இருந்தது என்பதைக் கேட்டபோது, 1981-இல் எரிக்கப்பட்ட எங்கள் பொதுநூலகம் நினைவுக்கு வராமல் இருக்க முடியவில்லை. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு மீளப்பெற முடியாத ஓலைச்சுவடிகளும் அந்த இரவில் சாம்பலாயின. அதற்குப் பின் எங்கள் பெற்றோர் தலைமுறை செய்ததும் வீடு வீடாகப் போய்ப் புத்தகம் சேர்த்ததுதான்.

தொடக்க நிகழ்வு அரண்மனை முற்றத்தில் நடந்தது. கமெலான் இசையும் நடனமும் உரைகளுமாய் நீண்ட அந்த மாலையைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. என் வேலை நாளை தொடங்குகிறது.

வியாழன்

சங்கிங்கான் வீதியில் அமர்வுகள். ஒருபுறம் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கும் உணவகத்தின் திறந்த மண்டபம். அதன் பின்னால் சம்புகான் மலைமுகட்டின் புல்வெளி. சம்புகான் என்றால் கலக்கும் இடம். இரண்டு ஆறுகள் கூடும் துறையில் இருப்பதால் அந்தப் பெயர். 'தாமான் பாச்சா' என்ற இன்னோர் இடத்தின் பெயருக்கு வாசிப்புத் தோட்டம் என்று பொருள்.

காலை அமர்வில் நெறியாள்கை செய்த இந்தோனேசியப் பெண்மணியை ஒரு மணித்தியாலமும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய மடியில் நாவலாசிரியரின் புத்தகம் இருந்தது. அதில் பத்துப் பன்னிரண்டு தாள் நறுக்குகள் செருகப்பட்டிருந்தன. "இந்த நாவலை ஏன் எழுதினீர்கள்" என்று அவர் கேட்கவில்லை. 41-ஆம் பக்கத்தைத் திறந்து, "பாட்டி கதவைச் சாத்துகிறாள், ஆனால் தாழிடவில்லை. அன்று இரவு அவள் யாரை எதிர்பார்த்தாள்?" என்று கேட்டார். ஆசிரியர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அந்த மௌனத்தை நிரப்ப நெறியாளர் முற்படவில்லை. பார்வையாளர் பக்கம் திரும்பிச் சிரிக்கவும் இல்லை. பிறகு ஆசிரியர், வேறு எந்த மேடையிலும் சொல்லியிருக்க மாட்டார் என்று நமக்கே தோன்றும் ஒன்றைத் தம் பாட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வாசிக்கும் பகுதியை நெறியாளர் முதலில் இந்தோனேசிய மொழியில் முழுமையாக வாசிக்கச் செய்தார்; அந்த ஓசை காதில் தங்கிய பிறகே ஆங்கில மொழிபெயர்ப்பை வாசிக்கச் செய்தார். பொதுவான கேள்விக்குப் பொதுவான விடைதான் கிடைக்கும் என்பதை நான் நூறு முறை வகுப்பில் கண்டிருக்கிறேன்; ஆனாலும் ஒரு வரியைப் பிடித்துக் கேட்பதற்கு அந்த நூலை எத்தனை முறை வாசித்திருக்க வேண்டும் என்பதை அந்தத் தாள் நறுக்குகளைக் கண்டபோதுதான் அளந்து பார்த்தேன்.

நண்பகலில் இளம் எழுத்தாளர்களுக்கான அமர்வு. இந்தோனேசியாவின் பல தீவுகளிலிருந்தும் வரும் படைப்புகளிலிருந்து தெரிந்தெடுத்து, அவற்றை இரண்டு மொழிகளில் தொகுப்பாக வெளியிட்டு, எழுதியவர்களை மேடையேற்றுவது இவ்விழாவின் வழக்கம். இவ்வளவு பெரிய நாட்டில் யாவாவுக்கு வெளியே எழுதும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை, தலைநகரிலிருந்து 400 கிலோமீற்றர் தள்ளி எழுதும் எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவர்களுள் வட சுமாத்திராவின் கரோ மேட்டுநிலத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவரோடு கோப்பி குடிக்கும்போது பேச நேர்ந்தது. நான் தமிழ் பேசுபவள் என்று அறிந்ததும் அவர் எழுந்து நின்று, தம் குலப் பெயர் பாண்டியா என்றார். கரோ மக்களின் செம்பிரிங் குலத்துக்குள் சோழியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா, பிராமணா என்ற கிளைகள் இன்றும் இருக்கின்றன. தமிழ் வணிகர் அந்தக் கரைக்குப் போய் வாழ்ந்ததற்குக் கல்லிலும் சான்று உண்டு. சுமாத்திராவின் மேற்குக் கரையில் பாருசுக்கு அருகே லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் பொறித்தது. அதன் காலம் சகம் 1010, அதாவது கி.பி. 1088. "எங்கள் பாட்டனாரிடம் அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால், 'கடலுக்கு அப்பால் இருந்து வந்தது' என்பதற்கு மேல் அவருக்குத் தெரியாது, இபு" என்றார் இளைஞர். வயதில் மூத்த பெண்ணை இங்கே இபு என்று அழைக்கிறார்கள். அம்மா என்பதுதான் அதன் பொருள். பாண்டியர் யார் என்று நான் அவருக்குச் சொல்லச் சொல்ல, அவர் தம் குறிப்பேட்டில் 'மதுரை' என்பதை எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். பாலியில் ஓலை எழுதக் கற்பிக்கும் முதியவர் ஒருவரிடம் நாளை போகப்போவதாகச் சொல்லி, என்னையும் அழைத்தார்.

பிற்பகல் அமர்வு நினைவும் மறதியும் பற்றியது. 1965-66-இல் இந்தோனேசியாவில் நடந்த படுகொலைகளில் பாலியில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் கொல்லப்பட்டனர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. 2015-இல், அந்த நிகழ்வுகளின் 50-ஆம் ஆண்டில், இதே விழாவில் அதுபற்றி அமைந்திருந்த அமர்வுகளும் நூல் வெளியீடும் திரையிடலும் அதிகாரிகளின் அழுத்தத்தால் கைவிடப்பட்டன. பேசியவர்களுள் ஒருவர் இந்தோனேசிய நாவலாசிரியர் பிரமூத்யா அனந்த தூர் பற்றி உரைத்த பகுதி என் நெஞ்சில் நின்றது. விசாரணையின்றிப் பூரு தீவில் அடைக்கப்பட்டிருந்த காலத்தில் எழுதுதாள் மறுக்கப்பட்டபோது, பின்னாளில் நான்கு நாவல்களாக விரிந்த கதையை அவர் உடனிருந்த கைதிகளுக்கு வாய்மொழியாகவே சொன்னார். கேட்டவர்கள் வேலைக்களத்தில் அதை மற்றவர்களுக்குச் சொன்னார்கள். கதை எழுத்துக்கு வருவதற்கு முன்னமே அதற்குச் சொல்வோரும் கேட்போரும் இருந்தார்கள். இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, போர்க்காலத்து இடப்பெயர்வின்போது ஒரு பாடசாலைக் கூரையின்கீழ் என் தந்தையார் புத்தகம் எதுவும் இல்லாமல் நினைவிலிருந்தே கந்தபுராணம் சொன்ன இரவு என் கண்முன் வந்தது. அதைப்பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

வெள்ளி

இன்று நான் விழா மண்டபங்களின் பக்கமே போகவில்லை. உபுத்துக்கு அருகேயுள்ள ஒரு சிற்றூரில், ஒரு வீட்டு முற்றத்துத் திண்ணையில் நாள் முழுவதும் இருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியரான அந்த முதியவரை எல்லோரும் பாக் குரு என்று அழைத்தார்கள். குரு என்ற சொல் இங்கே பாடசாலை ஆசிரியருக்கு அன்றாடம் வழங்கும் சொல். ஏழு பேர் வந்திருந்தோம்.

ஓலையை இவர்கள் லொந்தார் என்கிறார்கள். இலையைக் குறிக்கும் ரொன், பனையைக் குறிக்கும் தால் என்ற இரண்டும் சேர்ந்த ரொந்தால் என்பது முன்பின்னாகத் திரிந்து லொந்தார் ஆயிற்று. பாக் குரு முதலில் எதையும் விளக்கவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஓலை நறுக்கைத் தந்து, கண்ணை மூடி இரண்டு பக்கத்தையும் தடவிப் பார்க்கச் சொன்னார். எது உட்பக்கம், எது வெளிப்பக்கம், நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நாங்கள் ஒவ்வொருவராகச் சொல்லிய பின்னரே பேசத் தொடங்கினார். குருத்தோலையை உலர்த்தி, நீரில் ஊறவைத்து, மூலிகையோடு அவித்து, மீண்டும் உலர்த்தி, மரக்கிட்டியில் இறுக்கி வைத்துப் படிமானமாக்குகிறார்கள். மூன்று துளைகள் இடப்படுகின்றன. எழுதும் கருவியின் பெயர் பெங்ருபாக். எங்கள் எழுத்தாணி ஊசிமுனையால் கீறுவது. இதுவோ முக்கோண அலகுடைய சிறு கத்தி. இடக்கைப் பெருவிரல் கத்தியைத் தள்ள, வலக்கை திசையை மட்டும் காட்டுகிறது. எழுதி முடித்தபின் சுட்ட கெமிரிக் கொட்டையின் கரிய நெய்யைத் தேய்த்துத் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கருமை தங்கி எழுத்து எழுந்து வருகிறது. மஞ்சளும் இலைச்சாறும் விளக்குக் கரியும் கொண்டு எங்கள் முன்னோர் ஏட்டுக்கு மையாடிய முறையை நான் சொன்னபோது, அவர் அதை மிகுந்த கவனத்தோடு கேட்டு, எந்த இலை என்று இரண்டு முறை வினவினார். கோவையிலை என்றேன். கொடியின் படத்தைக் கைப்பேசியில் காட்டியதும், தம் வேலியில் படர்ந்திருந்த ஒன்றைக் கிள்ளிவந்து என்னிடம் காட்டினார்.

பாலி எழுத்தில் அடிப்படை மெய்யெழுத்துகள் 18. பல்லவர் எழுத்து மரபிலிருந்து கவி என்னும் பழஞ்சாவக எழுத்தும், கவியிலிருந்து பாலி, சாவக எழுத்துகளும் கிளைத்தன. அதை அறிந்து வந்திருந்தாலும், என் ஓலையில் முதல் எழுத்தை வெட்டியபோது ஏற்பட்ட உணர்வு வேறு. கை வழுக்கி ஓலை இருமுறை பிளந்தது. பாக் குரு என் கையைப் பிடித்துத் திருத்தவில்லை. பக்கத்தில் அமர்ந்து தம் ஓலையில் அதே எழுத்தை மிக மெதுவாக வெட்டினார். அவருடைய பெருவிரல் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்து என் விரலை நானே நகர்த்திக்கொண்டேன். அப்படியே மூன்று மணித்தியாலம் சென்றது. அந்த நேரம் முழுவதும் அவர் பேசியதைக் கூட்டினால் பத்து நிமிடம்கூட வராது.

மாலையில், அவரவர் மொழியில் ஒரு வரி வெட்டச் சொன்னார். நான் தமிழில் எழுதினேன். ஓலை கிழியும் என்பதால் எங்கள் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை என்பதை நினைவில் வைத்து, புள்ளியில்லாமலே வெட்டினேன். "அப்படியானால் வாசிப்பவருக்கு அது மெய்யா உயிர்மெய்யா என்று எப்படித் தெரியும்?" என்று கரோ இளைஞர் கேட்டார். மொழியை அறிந்தவர் ஓசையைக் கொண்டு ஊகித்து வாசிப்பார் என்றேன். பாக் குரு மகிழ்ச்சியோடு தலையசைத்தார். பாலி ஏடுகளிலும் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. எங்கே பிரிப்பது என்பது வாசிப்பவர் பொறுப்பு. "ஓலை பாதி வேலையைத்தான் செய்யும். மற்றப் பாதியைச் செய்வதற்காகத்தான் நாங்கள் கூடிப் பாடுகிறோம். ஞாயிறு இரவு வாருங்கள், இபு" என்றார்.

சனி

காலையில் சிறுகதைச் செயலமர்வு. இவற்றுக்குத் தனி அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். வளவாளர் அவுஸ்திரேலிய நாவலாசிரியர். பதினைந்து பேர் வட்டமாக அமர்ந்திருந்தோம்.

எழுதியவர் வாய் திறவாமல் இருக்க, மற்றவர்கள் அவருடைய படைப்பை ஆராய்வது அமெரிக்காவின் அயோவாவில் 1936-இல் தொடங்கிய எழுத்துப் பயிற்சியிலிருந்து உலகெங்கும் பரவிய முறை. எங்கள் வளவாளர் அதைச் சற்று மாற்றிக் கையாண்டார். எழுதியவர் ஒரு பத்தியை வாசிப்பார். கேட்டவர்கள் நல்லது, கெட்டது என்று எதுவும் சொல்லக்கூடாது. காதில் என்ன விழுந்தது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். "ஒரு மனிதன் சப்பாத்தைக் கழற்றினான், ஆனால் அவன் வீட்டுக்குள் போனானா என்பது எனக்குக் கேட்கவில்லை" என்பதுபோல. பிறகு இன்னொருவர் அதே பத்தியை வாசிப்பார். தம் எழுத்தைப் பிறர் குரலில் கேட்கும் அந்த நேரத்தில், எங்கே வாசிப்பவர் தடுக்குகிறார் என்பதை எழுதியவர் தாமே குறித்துக்கொள்வார். கடைசியில் எழுதியவர் கேள்வி கேட்கலாம். வளவாளர் தம் கருத்தை எங்கும் முதலில் சொல்லவில்லை. யாராவது அவர் முகத்தைப் பார்த்தால், அவர் தம் பார்வையைப் பத்தி எழுதப்பட்ட தாளுக்குத் தாழ்த்திக்கொண்டார். எங்கள் பார்வையும் அங்கே போயிற்று.

எனக்குப் பக்கத்தில் இருந்த, மலாங் நகரத்திலிருந்து வந்த ஒரு தாதி, இரவுப்பணியில் நோயாளி ஒருவருக்கு நகம் வெட்டிவிட்டதைப் பற்றி எட்டு வரி எழுதியிருந்தார். நான்கு பேர் அதை மாறி மாறி வாசித்தோம். நான்காம் முறை வாசிக்கப்பட்டபோது, யாரும் சொல்லாமலே, அவர் ஏழாம் வரியை அடித்துவிட்டார். அந்த வரியில் அவர் தம் இரக்கத்தை விளக்கியிருந்தார்.

இடைவேளையில் வளவாளரிடம் என் 22 பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. பிள்ளைகள் எழுதுவதற்கு முன் நான் எவ்வளவு நேரம் பேசுகிறேன் என்று கேட்டார். பிறகு, எடுத்துக்காட்டு எதுவும் தராமல் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். எந்தக் கேள்வி என்று கேட்டேன். அது உங்கள் பிள்ளைகளை அறிந்த உங்களுக்குத்தான் தெரியும் என்றார். பிற்பகல் அமர்வுகளுக்குப் போகாமல், மலைமுகட்டுப் பாதையில் நடந்துகொண்டே அந்தக் கேள்வியைத் தேடினேன். "உங்கள் வீட்டில் எந்தப் பொருளை யாரும் தொடக்கூடாது?" என்பது வரை வந்திருக்கிறேன். போருக்குப் பிந்திய எங்கள் வீடுகள் ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு பொருள் இருக்கிறது.

ஞாயிறு

விழாவின் இறுதி நாள். பகல் அமர்வுகள் இரண்டைக் கேட்டேன்; குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன், இங்கே எழுதவில்லை. இரவைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

பாக் குருவின் ஊர்ப் பொதுமண்டபத்தை இங்கே பலே பஞ்சார் என்கிறார்கள். பஞ்சார் என்பது ஊரின் ஒரு வட்டாரம். பிறப்பும் இறப்பும் கோயில் வேலையும் அதற்குள்ளேயே கூடி நடத்தப்படுகின்றன. இடுப்பில் துணி சுற்றாமல் இத்தகைய கூட்டங்களுக்குப் போவது மரியாதையன்று என்பதால், தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் ஒரு கச்சை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். கரோ இளைஞரும் வந்தார். ஆண்களும் பெண்களுமாய் இருபது பேர் பாயில் அமர்ந்திருந்தனர்; நடுவில் ஒலிவாங்கி, ஓலைச்சுவடி, அதன் அச்சுப்படி, தேநீர், அவித்த வாழைப்பழம்.

பழஞ்சாவக மொழியில் அமைந்த ககவின் என்னும் காவியங்களை ஒருவர் பாட, இன்னொருவர் வரிக்கு வரி பாலி மொழியில் பொருள் சொல்வது இவர்களுடைய மரபு. மபெபாசான் என்று அதற்குப் பெயர். பாடும் மொழி இன்று யாருடைய தாய்மொழியும் அன்று. ஆகவே பொருள் சொல்பவர் இல்லாமல் பாட்டு கேட்பவரைச் சேராது. வானொலியில்கூட, ஒருவர் தொலைபேசியில் பாட, இன்னொருவர் பொருள் சொல்லும் நிகழ்ச்சிகள் இங்கே உண்டு.

இதைக் கண்டபோது என் கண் நிறைந்தது. என் தந்தையார் எங்கள் ஊர்க் கோயிலில் முப்பது ஆண்டுகள் கந்தபுராணத்துக்குப் பயன் சொன்னவர். யாழ்ப்பாணத்துப் புராண படனத்தில் ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் பயன் சொல்வார். 10,000-க்கு மேற்பட்ட செய்யுட்கள். வாசிப்பவர் நிறுத்தும் இடத்தில் பயன் சொல்பவர் தொடங்குவார், அவர் முடிக்கும் இடத்தில் இவர் எடுப்பார். பொருள் என்று சொல்லாமல் பயன் என்று சொல்கிறோமே என்று சிறுமியாய் இருந்தபோது கேட்டிருக்கிறேன். கேட்பவருக்கு உதவினால்தான் அது பயன், பிள்ளை, என்று அப்பா சொன்னார். தம் அருகே விளக்குத் திரியைத் தூண்டுவதற்கு அவர் என்னை இருத்தியிருந்தார்.

அன்று பாடப்பட்டது அர்ச்சுன விவாகம். 11-ஆம் நூற்றாண்டில் ஐர்லங்க மன்னன் காலத்தில் எம்பு கண்வர் இயற்றியது. பாவைக்கூத்தைப் பார்ப்போரைப் பற்றிய புகழ்பெற்ற செய்யுள் வந்தது: திரையில் ஆடுவதும் பேசுவதும் செதுக்கிய தோல்தான் என்று அறிந்திருந்தும், பார்ப்பவர் அழுகின்றனர். பாடியவரின் குரலில் ஒரு சொல் எனக்கு உதவியின்றியே கேட்டது. மூட. பொருள் சொன்னவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். அழுகிறவர்களைக் கவிஞர் மூடர் என்று பழிக்கிறாரா, மயங்கியவர் என்று பரிகிறாரா? இருவகையாகவும் கொள்ளலாம் என்றார் ஒரு மூதாட்டி. இல்லை, அடுத்த அடியைப் பார்த்தால் பழிப்பதுதான் பொருந்தும் என்றார் ஒருவர். பொருள் சொன்னவர் இரண்டையும் கேட்டு, தாம் 'மயங்கியவர்' என்றே கொள்வதாகச் சொல்லி, ஆனால் மற்றப் பொருளும் உண்டு என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டுத் தொடர்ந்தார். ஒரு சொல்லுக்கு இருபது நிமிடம். யாரும் பொறுமை இழக்கவில்லை. பக்கத்தில் அமர்ந்து இவ்வளவையும் தாழ்ந்த குரலில் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னவர் பாக் குருவின் மகள்.

இடைவேளையில் நான் கந்தபுராணத்தின் அரங்கேற்றக் கதையைச் சொன்னேன். காஞ்சிக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் நூலை அரங்கேற்றத் தொடங்கியபோது, காப்புச் செய்யுளின் முதற்சொல்லிலேயே தடை எழுந்தது. திகழ், தச என்ற இரண்டும் புணர்ந்து 'திகடச' ஆவதற்கு இலக்கணம் எங்கே என்று ஒருவர் கேட்டார். அரங்கேற்றம் அன்று நின்றது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த ஒருவர் வீரசோழியம் என்ற இலக்கண நூலில் விதியைக் காட்டிய பின்னரே தொடர்ந்தது. வந்தவர் முருகனே என்பது வழிவழிக் கதை. காஞ்சி என்றதும் பாக் குரு நிமிர்ந்து, "எங்கள் எழுத்து அங்கிருந்து வந்ததென்று சொல்லுவார்கள்" என்றார்.

பிறகு அந்தச் செய்யுளைப் பாடுமாறு கேட்டார்கள். அப்பா இறந்தபின் நான் அதை வாய்விட்டுப் பாடியதில்லை. பாடினேன். முடித்துவிட்டுப் பொருள் சொல்ல வாயெடுத்தபோது, பாக் குரு கையுயர்த்தி நிறுத்தினார். பாடியவர் பொருள் சொல்வது இங்கே வழக்கமில்லை. இன்னொருவர் சொல்ல வேண்டும். சபை கரோ இளைஞரைப் பார்த்தது. முதல் அடியின் பொருளை நான் அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்: ஒளி திகழும் பத்துக் கரம், ஐந்து செம்முகம் உடைய இறைவன். பாண்டியா குலத்து இளைஞர் அதை இந்தோனேசிய மொழியில் சபைக்குச் சொன்னார். முன்னர் பொருள் சொல்லிக்கொண்டிருந்தவர் அதைப் பாலி மொழிக்கு மாற்றினார். நான் பாடியது ஒரு நிமிடம். அவர்கள் இருவரும் சொல்லி முடிக்கக் கால் மணித்தியாலமாயிற்று. இடையில் மூன்று முறை என்னிடம் திரும்பி, பத்துக் கரமும் ஒளிர்கின்றனவா, ஒளிர்வது இறைவனா என்று கேட்டார்கள். நான் விடை சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டியிருந்தது.

பாக் குரு தம் குறிப்பேட்டைத் திறந்து, முதற்சொல்லை மட்டும் இன்னொரு முறை, மெதுவாகச் சொல்லச் சொன்னார். "திகட" என்றேன். "தி" என்று எழுதி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்ததும், அடுத்த எழுத்துக்குப் பேனாவை நகர்த்தினார்.